இருநூற்றெண்பது குதிரைகளும் ஒரு சிவப்பு விளக்கும்

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மலர்களில் மொழியின் தொன்மை, பண்பாட்டின் சிறப்பு, பெற்றோர் கடமை ஆகியன பற்றியே பெரும்பாலும் எழுதப்பெறுவது வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் சனிக்கிழமை வகுப்புகள் முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வாகனத் தரிப்பிடத்திற்கு வரும் பெற்றோர், அங்கே மேல்வகுப்பு மாணவர் நால்வர் ஐவர் எதனைச் சூழ்ந்து நின்று உரையாடுகின்றனர் என்பதைக் கவனித்திருந்தால், இக்கட்டுரையின் பொருள் அவர்களுக்கு வியப்பளிக்காது. அவர்கள் சூழ்ந்து நிற்பது ஒரு காரை. அதிலும் நான்கு கதவுள்ள குடும்பக் காரை அன்று. தாழ்ந்த கூரையும் நீண்ட முன்மூடியும் அகன்ற ரயர்களும் உடைய இரு கதவுக் காரை. அத்தகைய கார் ஒன்றை நாம் 2004 முதல் 2023 வரை வைத்திருந்தோம். அதனால் எமக்குக் கிடைத்தது யாது, நாம் கொடுத்தது யாது என மாணவர் பலர் வினவியதுண்டு. "எங்கடை பிள்ளைக்கு நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ" எனப் பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டதும் உண்டு. இரு சாராருக்கும் சேர்த்தே இதனை எழுதுகின்றோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இவ்வகைக் காரைக் 'கூப்பே' என்பர். 'வெட்டுதல்' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் இது. குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக இருவரிசை ஆசனங்கள் கொண்ட பெரிய வண்டியின் முன்வரிசையை வெட்டி நீக்கி, இருவர் மட்டும் அமரத்தக்கதாகச் செய்த வண்டிக்கு இப்பெயர் வழங்கிற்று. ஆகவே பெயரிலேயே உண்மை அடங்கியுள்ளது: ஏதோ ஒன்று வெட்டப்பட்டிருக்கின்றது. எது வெட்டப்பட்டது என்பதை வாங்கும்பொழுது எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எம்மிடம் இருந்தது ரொயோட்டா சுப்ரா. இப்பெயர் 'மேலே', 'அப்பால்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். 1993இல் வெளிவந்த அந்த நான்காம் வடிவம் பிரித்தானியாவில் 1996 வரையே புதிதாக விற்கப்பட்டது; யப்பானில் 2002 வரை உற்பத்தி தொடர்ந்தது. எமது கார் 1995ஆம் ஆண்டுக்குரியது. யப்பானில் ஓடியபின் கப்பலில் இங்கு வந்து சேர்ந்தது. யப்பானியரும் ஆங்கிலேயரும், இலங்கையில் நாமும், வீதியின் இடப்புறமாகவே ஓட்டுபவர்கள் என்பதால், வலப்புறம் ஸ்ரியறிங் பொருத்திய பழைய யப்பானியக் கார்கள் இந்நாட்டிற்கும் எம் நாட்டிற்கும் எளிதில் வந்து சேர்ந்தன. 2001இல் வெளியான 'தி ஃபாஸ்ட் அன்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படத்தில் செம்மஞ்சள் நிறச் சுப்ரா ஒன்று தோன்றியபின், பள்ளி மாணவரிடையே இக்காருக்கு ஏற்பட்ட புகழைச் சொல்ல வேண்டியதில்லை. எமது கார் வெண்மை நிறம். "ஏன் மாமா செம்மஞ்சள் அடிக்கேல்லை?" என்று கேட்காத சிறுவனே இல்லை.

மூன்று லீற்றர் கொள்ளளவு, வரிசையாக ஆறு உருளைகள், இரண்டு டேர்போக்கள், 280 பரிவலு. பரிவலு என்பதே குதிரைவலு. இந்த 280 என்ற எண்ணுக்கு ஒரு கதையுண்டு. யப்பானிய உற்பத்தியாளர்கள் 1989 முதல் 2004 வரை, உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280இற்கு மேற்பட்ட வலுவை விளம்பரப்படுத்துவதில்லை எனத் தமக்குள் ஓர் உடன்பாடு கொண்டிருந்தனர். அத்துடன் மணிக்கு 180 கிலோமீற்றரைத் தாண்டாதவாறு காரின் மின்னணுச் சாதனமே தடுத்துவிடும். அதே கார் பிரித்தானியாவில் புதிதாக விற்கப்பட்டபொழுது 320இற்கும் அதிக வலு கொண்டதாக இருந்தது. வலுவைச் செய்யத் தெரிந்தவர்களே அதற்கு எல்லையும் இட்டுக்கொண்டனர் என்பது எமக்குப் பிடித்திருந்தது.

சாதாரண சம்பளக்காரராகிய நாம் ஏன் இதனை வாங்கினோம் என்பதைச் சொல்ல, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்தில் எமது இளமையில் கார் என்றால் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியனவே. (ஏ40 என்றால் இலண்டனில் வளரும் எம் பிள்ளைகளுக்கு ஹாங்கர் லேன் வழியாகச் செல்லும் வீதி, எமக்கோ அது கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிச் சென்ற கார்.) 1990இல் பொருளாதாரத் தடை ஏற்பட்டுப் பெற்றோல் குடாநாட்டிற்கு வராதுபோன காலத்தில், அக்கார்களை எம்மவர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரும்புகை கக்கியவாறு, இருமி இருமி, பிரசவத்திற்குச் சென்ற தாய்மாரையும் காயமுற்றோரையும் அவை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன. அந்நாளில் பெற்றோல், மருந்துபோல் சிறு போத்தல்களில் அளந்து வைக்கப்படும் பொருள்.

அங்கிருந்து இலண்டனுக்கு வந்த எம்மவருள் எத்தனையோ பேருக்கு முதல் வேலை பெற்றோல் நிலையத்தில் கிடைத்தது என்பது இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர் அறிந்த கதையே. நாமும் நோர்த் சேர்குலர் வீதியோரத்தில் ஒரு நிலையத்தில் இரவுப் பணி செய்தோம். நள்ளிரவுக்குப் பின் கதவைப் பூட்டிவிட்டுத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் இத்தகைய கார்கள் வந்து நிற்கும். ஒரு காருக்கு 60, 70 லீற்றர் பெற்றோல் இறங்குவதை இலக்கங்கள் ஓடக் கண்டிருப்போம். ஒரு ஊருக்கே ஒரு கிழமைக்குப் போதுமே என்று மனம் கணக்கிடும். பொறாமை என்று சொல்ல முடியாது. அந்த எஞ்சின் நின்றபடி உறுமும் ஓசையில், இருமாத, புகையாத, குறைவின்றிக் குடித்து நலமாக இருக்கும் ஒன்றின் நிறைவு இருந்தது. ஒருநாள் அப்படியொன்றை ஓட்ட வேண்டும் என்று அங்கேதான் நினைத்தோம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி நன்மைகளைச் சொல்வோம். மாணவர்கள் எதிர்பார்ப்பது வேகத்தை. பத்தொன்பது ஆண்டுகளில் நாம் உணர்ந்த முதல் நன்மை பிறேக். எல்லாச் சில்லுகளிலும் பெரிய தட்டு பிறேக்குகள், அகன்ற ரயர்கள், தாழ்ந்த உடல். காலை அழுத்தினால் கார் நிலத்தைப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது, ஸ்ரியறிங். சில்லு எதன்மேல் ஓடுகின்றது என்பதைக் கை அறியும். ஈரமா, மணலா, வெடித்த தாரா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒன்றுண்டு, அதனைச் சொல்லால் விளக்குதல் கடினம். இத்தகைய காரை ஓட்டும்பொழுது வேறொன்றையும் நினைக்க இயலாது. வேலைத்தலத்துத் தொல்லை, வீட்டுக்கடன், ஊரிலிருந்து வந்த கடிதம் யாவும் கதவுக்கு வெளியே நின்றுவிடும். கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீதிகள் வெறுமையாய் இருக்கும்பொழுது சறே மலைப்பக்கம் சென்று, எட்டு மணிக்குள் வீடு திரும்பிக் குளித்துக் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவோம். அந்த மூன்று மணிநேரத்தின் சுகத்தை நாம் மறுத்துரைக்கப் போவதில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளை இதனை விரும்புவது மூடத்தனம் என்று தொடங்காதீர்கள். அது நல்ல பொருள். நன்றாகச் செய்யப்பட்ட எப்பொருளும் மனிதரை ஈர்க்கும்.

ஆயின் பிறேக்கைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். இதனை மாணவர்கள் பென்சிலும் தாளும் எடுத்துச் செய்துபார்க்கலாம். சாரதிப் பரீட்சைக்குப் படிக்கும் வீதி விதி நூலில், மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீற்றர் வேண்டும் என்றுள்ளது. அதில் 9 மீற்றர், ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கை மிதிக்கும்வரை கடக்கும் தூரம். எஞ்சிய 14 மீற்றர் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம். வேகம் இருமடங்காகி 60 ஆனால் என்னாகும்? முதல் தூரம் 18 மீற்றர், அதாவது இருமடங்கு. இரண்டாவது தூரமோ 55 மீற்றர், ஏறத்தாழ நான்கு மடங்கு. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும் என்று பௌதிக வகுப்பில் படிப்பது இதுவே. எமது காரின் பிறேக் அந்த 55ஐக் குறைக்கும். முதல் 18இல் ஒரு சாணையேனும் குறைக்க அதனால் இயலாது. அது காரின் தூரம் அன்று. கண்ணின் தூரம், காலின் தூரம். விலையுயர்ந்த காரை ஓட்டுபவனுக்கும் பத்தாண்டுப் பழைய சிறு காரை ஓட்டுபவனுக்கும் அது ஒன்றே. கையில் தொலைபேசி இருந்தால் அது இன்னும் நீளும். நல்ல கார் வைத்திருப்பவன் தன்னை நல்ல சாரதி என்று எண்ணிக்கொள்வது இந்த 18 மீற்றரை மறந்ததனால்தான்.

டேர்போவைப் பற்றியும் சிறிது. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகைவாயு ஒரு சிறு காற்றாடியைச் சுழற்ற, அது மறுபுறத்தில் இன்னொரு காற்றாடியைச் சுழற்றிக் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று கூடினால் அதிக எரிபொருள் எரியும், வலு கூடும். எமது காரில் குறைந்த சுழற்சியில் ஒரு டேர்போ மட்டும் பணிபுரியும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,000 சுற்றுகளை எட்டும்பொழுது இரண்டாவது சேர்ந்துகொள்ளும். அக்கணத்தில் முதுகை யாரோ பின்னிருந்து தள்ளியது போலிருக்கும். மாணவர்கள் விரும்புவது இதனையே. வலு முழுவதும் பின் சில்லுகளுக்கே செல்கின்றது என்பதையும், இலண்டனில் மழை பெய்யாத கிழமை அரிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஈரமான சுற்றுவட்டத்தில் வளைந்துகொண்டிருக்கும்பொழுது அந்த இரண்டாவது டேர்போ விழித்துக்கொண்டால் காரின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். அனுபவம் உள்ளவனின் கால் அதனை முன்னரே அறிந்து தளர்ந்திருக்கும். பதினெட்டு வயதுக் கால் தளராது. அச்சத்தில் முழுவதும் எடுத்துவிடும், அல்லது பிறேக்கை மிதிக்கும். இரண்டும் தீங்கே.

இலண்டன் நகரமோ இத்தகைய காரைக் கண்டு சிரிக்கும் நகரம். நெடுஞ்சாலைகளில் 70 மைல் என்னும் எல்லை 1965 இறுதியில் பரீட்சார்த்தமாக வந்து 1967இல் நிரந்தரமாயிற்று. வேகத்தைப் படம்பிடிக்கும் கமரா முதன்முதலில் 1992இல் ருவிக்கனம் பாலத்தருகே நாட்டப்பட்டது. இன்று எங்கும் உண்டு. நகரின் பல பகுதிகளில் இப்பொழுது 20 மைலே எல்லை. 280 குதிரைகளைப் பூட்டிக்கொண்டு ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தில் முதலாம் கியரில் அரை மணிநேரம் ஊர்ந்திருக்கின்றோம். கிளச் கனமானது, இடக்கால் நடுங்கும். பக்கத்தில் 83ஆம் இலக்கப் பேருந்து நிற்கும். அதன் மேல்தளத்தில் அமர்ந்து பத்திரிகை படிக்கும் முதியவர் எம்மைக் குனிந்து நோக்குவார். பச்சை விளக்கு விழுந்ததும் நாம் முந்திக்கொண்டு பாய்ந்து, அடுத்த சிவப்பு விளக்கில் நின்றால், சிறிது நேரத்தில் அதே பேருந்து அருகே வந்து நிற்கும். முதியவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

வீட்டுக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்வோம். நகருக்குள் ஒரு கலனுக்கு 16 மைலைத் தாண்டியதில்லை. சாதாரண பெற்றோல் ஆகாது. உயர்தரப் பெற்றோலே வேண்டும். ரயர்கள் மென்மையானவை, பின்னிரண்டும் இரண்டாண்டு தாங்கினால் அதிகம். காப்புறுதி நிறுவனங்கள் கார்களை 1 முதல் 50 வரை பிரிவுகளாக வகுத்துள்ளன. இத்தகையவை உச்சத்தில் இருக்கும். ஒரு முறை பக்கக் கண்ணாடி உடைந்தபொழுது, அது யப்பானிலிருந்து வரும்வரை ஆறு வாரம் காத்திருந்தோம். எம் துணைவியார் ஒவ்வோர் ஆண்டும் இச்செலவுகளைப் பள்ளிக் கொப்பி ஒன்றில் எழுதி, கூட்டி, அடிக்கோடிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் மேசையில் வைத்துவிடுவார். சொல்லியிருந்தால் மறுமொழி கூறியிருக்கலாம்.

பணத்தினும் பெரிய இழப்பு, தொடக்கத்தில் கூறிய அந்த வெட்டு. பின்னாசனம் என ஒன்று இருந்தது. அது ஆசனம் போன்ற ஒரு குழி. மகள் சிறியவளாக இருக்கும்வரை அதில் அமர்ந்தாள். 2006 செப்டெம்பரில் வந்த சட்டப்படி, 12 வயதாகும்வரை அல்லது 135 சென்றிமீற்றர் உயரமாகும்வரை பிள்ளைகளுக்கு உரிய பாதுகாப்பு ஆசனம் வேண்டும். அந்த உயர்த்தும் ஆசனத்தை வைத்தால் பிள்ளையின் தலை சாய்ந்த பின்கண்ணாடியில் முட்டியது. அன்றிலிருந்து மகள் அக்காரில் ஏறவில்லை. கோயில் தேர்த்திருவிழாவிற்கும் திருமண வீடுகளுக்கும் துணைவியாரும் மகளும் அவர்தம் சிறு காரிலும், நாம் தனியாக எமது காரிலும் செல்வோம். சில நாள் அவர்கள் பாதாள இரயிலில் சென்றனர். ஒரு குடும்பம் ஒரே இடத்திற்கு இரு வழியாகச் சென்று சேர்வதை ஊரார் கண்டு விசாரித்தனர். ஊரிலிருந்து வந்த எம் தாயார் ஒரு முறை அதில் ஏற முயன்றார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வாதம். தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்டார், எழும்ப இயலவில்லை. கைகொடுத்துத் தூக்கியபொழுது, "தம்பி, இது சாமான் நல்லதுதான், மனிசருக்கு இல்லைப் போலை" என்றார்.

இவ்வளவும் உழைத்துச் சேர்த்த ஒருவர் தாமே ஏற்றுக்கொள்ளக்கூடிய இன்னல்கள். பெற்றோர் சிந்திக்க வேண்டியது வேறொன்று.

எம் தங்கையின் மகன் பதினெட்டு வயதில் சாரதிப் பரீட்சையில் தேறினான். மூன்றாம் நாளே வீட்டிற்கு வந்தான். சேமித்த பணத்தில் இரு கதவுக் கார் ஒன்று பார்த்து வைத்திருந்தான். காரின் விலையினும் ஓராண்டுக் காப்புறுதி கூடுதலாக இருந்தது. "மாமா, உங்கடை பேரிலை எடுத்து, என்னை இரண்டாவது ஆளாப் போட்டால் காசு அரைவாசியாக் குறையுமாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றான். எல்லாரும் செய்கின்றனர் என்பது உண்மைக்கு வெகுதூரமில்லை. பிள்ளையே நாள்தோறும் ஓட்டும் காருக்குத் தந்தையையோ மாமனையோ முதன்மைச் சாரதி எனக் காட்டிக் காப்புறுதி எடுத்தல் எம்மவரிடையே ஒரு கெட்டித்தனமாகவே பேசப்படுகின்றது. சட்டத்தின் கண்ணில் அது மோசடி. விபத்து நேர்ந்து உண்மை வெளிப்பட்டால், நிறுவனம் அந்தக் காப்புறுதியைச் செல்லாததாக்கலாம்; காப்புறுதி இன்றி ஓட்டியவனாகப் பிள்ளை கருதப்படலாம். காப்புறுதி இன்றி ஓட்டுதலுக்குக் குறைந்தது 6 தண்டப்புள்ளிகள். 1997 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, முதன்முதலாகப் பரீட்சையில் தேறி இரண்டாண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றவரின் அனுமதிப்பத்திரம் இரத்தாகும். மீண்டும் கற்பவராகத் தொடங்க வேண்டும். மாமனின் ஒரு கையெழுத்து இவ்வளவு தூரம் செல்லும்.

நாம் மறுத்தோம். தங்கை தொலைபேசியில், "அண்ணை, நீங்கள் மட்டும் ஓடலாம், என்ரை பிள்ளை ஓடக்கூடாதோ?" என்று கேட்டாள். அதற்கு எம்மிடம் இனிய மறுமொழி இல்லை. எட்டு மாதங்கள் அவர்கள் எம் வீட்டிற்கு வரவில்லை. அவ்வாண்டுத் தீபாவளிப் பலகாரம் அயலவர் மூலமாக வந்தது. மருமகன் ஒரு லீற்றர் எஞ்சினுடைய சிறு கார் ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கினான். வேகத்தையும் பிறேக் பிடிக்கும் முறையையும் பதிவு செய்து காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவிக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. தன் நண்பர்கள் முன் அதுபற்றி அவன் மிக வெட்கப்பட்டான் என்று பின்னர் அறிந்தோம்.

அவனது வெட்கத்தை நாம் சிறிதென எண்ணவில்லை. ஏனெனில் இளைஞர் விபத்துகளில் காரைவிட நண்பர்களின் பங்கே பெரிது. தனியே ஓட்டும் இளைஞனைவிட, தன் வயதுத் தோழர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும் இளைஞன் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை. இந்நகரில் நாம் சென்ற அந்தியேட்டிகளுள் ஒன்று பத்தொன்பது வயதுப் பிள்ளையுடையது. அவன் காரை ஓட்டவில்லை. பின்னாசனத்தில் இருந்தான். அக்குழிக்குள் ஏறி அமர்ந்தால் கதவும் இல்லை, இறங்கவும் வழியில்லை. முன்னால் இருப்பவன் நிறுத்தினாலன்றி இறங்க இயலாது. ஆகவே சொந்தக் கார் இல்லாத மாணவரும் மாணவியரும் இப்பகுதியைத் தம்மைப் பற்றியதன்று எனக் கடந்துவிட வேண்டாம். "மெதுவாய்ப் போ" என்று நண்பனிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால், "எனக்குச் சத்தி வருது, நிப்பாட்டு" என்று சொல்லுங்கள். தன் ஆசனம் அழுக்காவதை எவனும் விரும்பான், உடனே நிறுத்துவான்.

வேகம் வேண்டுமெனில் அதற்கென அமைந்த இடங்கள் உள்ளன. இலண்டனுக்கு அண்மையில் வெய்பிறிஜ்ஜில் உள்ள புறுக்லான்ட்ஸ், கார் ஓட்டத்திற்கென்றே 1907இல் கட்டப்பட்டது. உலகில் அவ்வாறு அமைந்தவற்றுள் முதலாவது. 1939இல் ஓட்டங்கள் நின்றுபோயின. இன்று அங்கே அருங்காட்சியகம் உண்டு. சரிந்தெழும் அந்தப் பழைய கொங்கிறீற்றுப் பாதையின் துண்டுகளை இன்றும் காணலாம். கென்ற் பகுதியிலுள்ள பிறான்ட்ஸ் ஹட்ச் போன்ற திடல்களில் சொந்தக் காரைக் கொண்டுசென்று ஓட்டும் நாள்களும் உண்டு. சாதாரண காப்புறுதி அங்கே பொதுவாகச் செல்லாது என்பதைமட்டும் நினைவிற் கொள்க. எம் இனத்தவருக்கும் இத்துறை புதிதன்று. சென்னைக்கு அருகே சோழவரம் விமானத் தளத்திலே எத்தனையோ ஆண்டுகள் கார் ஓட்டப் போட்டிகள் நடைபெற்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா ஒன் போட்டியில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதற்கு முன் இந்நாட்டில் ஃபோர்முலா மூன்று போட்டிகளில் பயின்றவர் அவர். 2025 சனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணிநேர ஓட்டத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதை மாணவர்கள் எமக்கு முன்பே அறிந்திருப்பர். அப்போட்டியின் பயிற்சியின்போது அவரது கார் மோதிச் சுழன்றதையும், அவர் நடந்து வெளியே வந்ததையும் கூடக் கண்டிருப்பர். அவ்வாறு நடந்து வருவதற்குத் தலைக்கவசம், இரும்புக்கூடு, பல பட்டிகளால் இறுக்கிய ஆசனம், எதிரே ஒருவரும் வராத பாதை ஆகிய யாவும் துணைநின்றன. எலிங் வீதியில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

எமது காரின் முடிவு புகையால் வந்தது. மிகத் தாழ்ந்த மாசு வலயம் எனப்படும் திட்டம் 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கி, 2023 ஓகஸ்ற் 29 முதல் இலண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் விரிந்தது. பெற்றோல் கார் எனில் 'யூரோ 4' என்னும் தரத்தை எட்ட வேண்டும். 2006இற்கு முற்பட்டவற்றுள் பெரும்பாலானவை எட்டுவதில்லை. எமது காரும் எட்டவில்லை. எட்டாத காரை வீட்டு வாசலிலிருந்து வீதிக்கு இறக்கினாலே நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் ஞாயிறு அதிகாலைக்கும் என வாரம் இரு நாள் எடுத்தால் ஆண்டுக்கு 1,300 பவுண். துணைவியாரின் கொப்பியில் அவ்வரியை எழுதும் நிலை வருமுன் விற்றுவிட முடிவு செய்தோம். பெரும்பாலான கார்கள் ஆண்டுதோறும் விலை இறங்கும். இந்தக் காரோ அரிதாகிவிட்டமையால், வாங்கிய விலையினும் கூடிய விலைக்குக் கேட்டனர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் துணைவியார் அத்தொகையையும் எழுதி அடிக்கோடிட்டார். அப்பொழுதும் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர் வலயத்திற்கு வெளியே, யோக்சயர் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற பொறியியலாளர். மருமகனும் அன்று எம்முடன் இருந்தான். கறுப்புப் பெட்டியின் காலத்தைக் கடந்து, இப்பொழுது தானும் ஒரு தந்தை. வந்தவர் முன்மூடியைத் திறக்கச் சொல்வார், எஞ்சினை உறுமச் செய்வார் என்று அவன் எதிர்பார்த்து நின்றான். அவரோ முழந்தாளிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான்கு ரயர்களின் பக்கச்சுவர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அங்கே நீள்வட்டம் ஒன்றினுள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் உற்பத்தியான வாரம், பின்னிரண்டும் ஆண்டு. எமது ரயர்களில் 1422 என்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பின்னர் ஒரு சிறு அளவுகோலைத் தவாளிப்புகளுள் இட்டு, எஞ்சியிருந்த ஆழத்தை அளந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அதன் பின்னரே சாவியைக் கேட்டார்.